கிணற்றடியில் அவளுக்கு வேறு வழி இருந்ததா? நியதிவாதமும் நீதிமன்றத் தீர்மானமும்

வாசகர் கேள்வி, 3.2.2025

உலகில் நடப்பவை எல்லாம் முன்காரணங்களின் விளைவு என்று ஒப்புக்கொண்டால், கொலை செய்தவனும் தன் பிறப்பு, வளர்ப்பு, வறுமை, மூளை ஆகியவற்றின் விளைவுதான். அப்படியிருக்க, "நீ வேறு மாதிரி நடந்திருக்கலாம்" என்ற அனுமானத்தின்மேல் நிற்கும் குற்றவியல் சட்டம் முழுவதும் பொய்யாகிவிடாதா? நியதிவாதம் உண்மையென்றால் நீதிமன்றம் செய்யும் தீர்மானத்துக்கு என்ன பொருள்?

3.2.2025, இரவு

அமர்வு நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். தத்துவம் எனக்குத் தொழில் அல்ல, ஆனால் இந்தக் கேள்வியைத் தாண்டி எந்தக் கொலை வழக்கையும் என்னால் படிக்க முடிந்ததில்லை.

நியதிவாதத்தின் கடுமையான வடிவத்தை 1814இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் எழுதினார். ஒரு கணத்தில் இயற்கையின் எல்லா விசைகளையும் எல்லாப் பொருள்களின் நிலையையும் அறிந்த ஓர் அறிவு இருக்குமானால், அதற்கு எதிர்காலமும் இறந்தகாலத்தைப் போலவே கண்முன் நிற்கும் என்பது அவர் கருத்து. இதை மறுக்க நான் முயலப் போவதில்லை, ஏனென்றால் சட்டத்துக்கு அந்த மறுப்பு தேவைப்படவில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பக்கம் பக்கமாகத் தேடினாலும், குற்றம் செய்தவரின் விருப்பம் காரணமற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் கிடைக்காது. மாறாக, காரணங்களைப் பற்றித்தான் அது பேசுகிறது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்வது குற்றமே ஆகாது என்கிறது பிரிவு 82. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி வந்திருந்ததா என்று பார்க்கச் சொல்கிறது பிரிவு 83. சித்தம் கலங்கியதால் செயலின் இயல்பையோ அது தவறு என்பதையோ அறிய முடியாதவரை விடுவிக்கிறது பிரிவு 84. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 20, 21, 22 என்ற எண்களில் வருகின்றன.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது போதை பற்றிய ஏற்பாடு. தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஊட்டப்பட்டவர் விடுவிக்கப்படலாம். தானே குடித்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. குத்திய நேரத்தில் இருவருடைய மூளையும் ஒரே நிலையில்தான் இருந்திருக்கும். ஆனாலும் சட்டம் காரணச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போய், அந்த மனிதர் அறிந்து ஒன்றைச் செய்த இடத்தில், அதாவது அவர் கோப்பையைக் கையில் எடுத்த இடத்தில், நின்றுவிடுகிறது. அதற்கும் முன்னால் அவரைக் குடிகாரராக்கியது எது என்று கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதுதான் உங்கள் கேள்வியின் கூர்மையான பகுதி என்று நினைக்கிறேன்.

4.2.2025

"நீதிபதியும் நியதிக்கு உட்பட்டவர்தானே, அவருடைய தீர்ப்பும் முன்கூட்டியே முடிவானதுதானே" என்று ஒருவர் சேர்த்திருக்கிறார். ஆமாம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நல்ல தீர்ப்பு சாட்சியங்களாலும் சட்டத்தாலும் முடிவாகியிருக்க வேண்டும் என்றுதான் நாமும் கேட்கிறோம். எதனாலும் தீர்மானிக்கப்படாத தீர்ப்பு வந்தால் அன்றைக்கே மேல்முறையீடு செய்வோம். கேள்வி எந்தக் காரணங்கள் அதைத் தீர்மானித்தன என்பது. சாட்சியின் வாக்குமூலமா, குற்றவாளியின் சாதியா? தீர்ப்பில் காரணங்களை எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவது இதற்காகத்தான்.

6.2.2025

நேற்று முழுவதும் ஒரு பழைய தீர்ப்பு மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 1989இல் சென்னை உயர்நீதிமன்றம் வழங்கியது. வீட்டுக் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்து, பிள்ளைகள் இறந்துபோகத் தான் மட்டும் பிழைத்துக்கொண்ட ஒரு தாய்மீதான கொலை வழக்கு அது. பிரதிவாதியின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. வழக்கறிஞர்களுக்கு எந்த வழக்கு என்று தெரியும். அந்த மனநிலைக்கு நீதிமன்றம் வழங்கிய பெயர் நல்லதங்காளின் பெயர்.

கதையை அறியாதவர் இங்கே குறைவு. பஞ்சம் பிழைக்க ஏழு பிள்ளைகளோடு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வருகிறாள் நல்லதங்காள். அண்ணன் இல்லாத வேளையில் அண்ணி மூளி அலங்காரி அவளையும் பிள்ளைகளையும் பட்டினி போட்டு அவமதிக்கிறாள். நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் ஒரு தீர்மானத்தை என்றோ செய்துவிட்டார்கள்: ஏழு கொலைகளைச் செய்த கை நல்லதங்காளுடையது, குற்றவாளி மூளி அலங்காரி. அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. மூளி அலங்காரியின் பெயர் வசைச் சொல்லாக நிற்கிறது.

சட்டத்தால் இப்படிச் செய்ய முடியுமா? தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான பிரிவு 300இன் (புதிய சன்ஹிதாவில் 101) முதல் விதிவிலக்கு, கடுமையான திடீர் ஆத்திரமூட்டலால் தன்னடக்கத்தை இழந்து செய்த கொலைக்குக் குற்றத்தின் தரத்தைக் குறைக்கிறது. ஆனால் அந்த விதிவிலக்கின் எழுத்துகளை அருகில் வைத்துப் படித்துப் பாருங்கள். முதலாவது, ஆத்திரமூட்டல் திடீரென்று வந்திருக்க வேண்டும். இரண்டாவது, கொல்லப்பட்டவர் ஆத்திரமூட்டியவராகவோ, தவறுதலாகவோ தற்செயலாகவோ நடுவில் அகப்பட்டவராகவோ இருக்க வேண்டும். கிணற்றில் போடப்பட்ட பிள்ளைகள் யாருக்கும் ஆத்திரமூட்டவில்லை. அவர்கள் தவறுதலாகவும் விழவில்லை. எழுத்துப்படி பார்த்தால் அந்தத் தாய்க்கு விதிவிலக்கின் கதவு இரண்டு பக்கமும் மூடியிருக்கிறது.

உயர்நீதிமன்றம் இங்கேதான் துணிந்தது. பிரிவு 300இல் எழுதப்பட்டிருக்கும் விதிவிலக்குகளோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று இனியும் கருத வேண்டியதில்லை என்றும், தொடர் ஆத்திரமூட்டல் என்பது நீதிமன்றங்கள் சேர்த்த ஒரு விதிவிலக்கு என்றும் சொன்னது. தொடர் ஆத்திரமூட்டலில் ஒரு காலப்பகுதி முழுவதும் பரவிய பல செயல்கள் இருக்கும், அவற்றுள் கடைசியாக நடந்தது மிக அற்பமான ஒன்றாகக்கூட இருக்கலாம் என்று விளக்கவும் செய்தது. கடைசிச் செயல் அற்பமானதாக இருக்கலாம் என்ற அந்த வரியை நான் முதன்முதலில் படித்தபோது நீண்ட நேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றேன். குறுக்கு விசாரணையில் எங்கள் எதிர்த்தரப்பு எப்போதும் பிடித்துக்கொள்வது அந்தக் கடைசிச் செயலைத்தான்: "சோறு குழைந்துவிட்டது என்று திட்டினதற்காகவா பிள்ளையைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டாய்?"

அதே நாள், பின்னிரவு

மேலே எழுதியதில் காலம் என்ற அம்சத்தை இன்னும் விரித்திருக்க வேண்டும். 1961இல் நானாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் கணக்கிட்டது இதைத்தான். மனைவி இன்னொருவருடன் தனக்கிருந்த உறவைச் சொன்ன பிறகு கடற்படை அதிகாரியான நானாவதி குடும்பத்தைத் திரையரங்கில் விட்டு, கப்பலுக்குப் போய்க் கைத்துப்பாக்கி வாங்கி, எதிராளியின் வீட்டுக்குப் போய்ச் சுட்டார். இடையில் சுமார் மூன்று மணி நேரம். ஆத்திரம் ஆறுவதற்கு அது போதுமான காலம் என்றது நீதிமன்றம். காலம் ஆற்றும் என்பது சட்டத்தின் ஆழமான நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் மறுபக்கம், நிதானமாகத் தீர்மானித்துச் செய்தவனே பெருங்குற்றவாளி, படபடப்பில் செய்தவன் அவ்வளவு இல்லை என்பது. அடி ஓயாத வீட்டில் காலம் எதையும் ஆற்றுவதில்லை. ஒவ்வொரு நாளும் முந்தின நாளின்மேல் ஏறிக்கொள்கிறது. அங்கே வாழ்பவளின் மன உறுதி, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிணறுவரை தடுமாறாமல் நடந்துபோன அந்த உறுதி, அரசுத் தரப்பின் பார்வையில் திட்டமிடலுக்குச் சாட்சி. எனக்கோ அவளுக்கு எஞ்சியிருந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டதற்கு அதுவே சாட்சியாகத் தெரிகிறது. தீர்மானித்துச் செய்தாள் என்பதும் தீர்மானிக்கப்பட்டாள் என்பதும் அந்த நடையில் ஒன்றாக இருக்கின்றன.

8.2.2025

எதிர்பார்த்த ஆட்சேபம் வந்துவிட்டது: "இப்படிப் போனால் எல்லாக் கொலைகாரனுக்கும் ஒரு தொடர் ஆத்திரமூட்டல் கிடைத்துவிடும், மனைவியைக் கொன்றவனும் பல ஆண்டுகளாக அவமானப்பட்டேன் என்பான்." நியாயமான அச்சம். மனைவியைக் கொன்றவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

எல்லாம் காரணங்களின் விளைவு என்ற வாதத்தை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர் அமெரிக்க வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ. 1924 மே மாதம் சிகாகோவில் நேதன் லியோபோல்டு, ரிச்சர்டு லோப் என்ற இரண்டு செல்வந்த வீட்டு இளைஞர்கள், பாபி ஃபிராங்க்ஸ் என்ற பதினான்கு வயதுச் சிறுவனைக் கொன்றார்கள். ஒருவருக்கு 19 வயது, மற்றவருக்கு 18. பசி இல்லை, பகை இல்லை, யாரும் அவர்களை அடிக்கவில்லை. டாரோ குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்துவிட்டு, தண்டனை பற்றி மட்டும் நீதிபதி கேவர்லியின் முன் நாள்கணக்கில் வாதிட்டார். பரம்பரை, வளர்ப்பு, படித்த நூல்கள், முன்னோர்கள் என்று காரணங்களை அடுக்கி, இந்தப் பையன்கள் தங்களைத் தாங்களே உருவாக்கிக்கொள்ளவில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். நியதிவாதம் ஒரு நீதிமன்றத்தில் அவ்வளவு முழுமையாக ஒலித்த வேறொரு சந்தர்ப்பத்தை நான் அறியேன். செப்டம்பர் 10 அன்று தீர்ப்பு வந்தது: கொலைக்கு ஆயுள் சிறை, கடத்தலுக்கு 99 ஆண்டுகள். தூக்கு இல்லை. ஆனால் நீதிபதி முக்கியமாகச் சொன்ன காரணம் அவர்களுடைய வயது. டாரோவின் பெரிய தத்துவத்தைத் தொடாமல், அதிலிருந்த ஒரு சிறிய, அளக்கக்கூடிய காரணத்தை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார்.

இதைச் சட்டத்தின் கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்ற வாதம் எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்துவதால், யாரையும் யாரிடமிருந்தும் அது பிரித்துக் காட்டுவதில்லை. சிகாகோ இளைஞர்களுக்கும் கிணற்றடித் தாய்க்கும் அது ஒரே பதிலைத்தான் தரும். நீதிமன்றத்துக்குத் தேவைப்படுவது பிரித்துக் காட்டும் காரணம். அடி வாங்கியவள் அடித்தவனைவிட்டு வெளியேற முடிந்ததா, கையில் காசு இருந்ததா, பிறந்த வீடு கதவைத் திறந்ததா, காவல் நிலையத்தில் புகார் எடுத்தார்களா: இவை கேட்டு, சாட்சி வைத்து, நிறுவக்கூடிய கேள்விகள். மனைவியைக் கொன்ற கணவனிடம் இதே கேள்விகளைக் கேளுங்கள். அவன் அன்றைக்கே வீட்டைவிட்டுப் போயிருக்கலாம்; யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவமானம் இருவருக்கும் உண்மையாக இருக்கலாம், ஆனால் அடைபட்ட வழிகள் இருவருக்கும் ஒன்றல்ல.

8.2.2025, சற்றுப் பின்னர்

ஒரு சிறு குறிப்பு. இன்று மூளி அலங்காரி மீது வழக்குப் போட முடியுமா என்று கேட்டிருந்தார் ஒருவர். மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிராக 1983இல் சேர்க்கப்பட்ட 498-ஏ (புதிய சன்ஹிதாவில் 85) கணவனையும் கணவனின் உறவினர்களையும் மட்டுமே பிடிக்கும். அண்ணன் மனைவி அதில் வரமாட்டாள். தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்குத் தொடுக்கலாம், ஆனால் சோறு போடாததையும் கதவைத் திறக்காததையும் தூண்டுதல் என்று நிறுவுவது மிகக் கடினம். கதை கேட்டவர்கள் கண்டுபிடித்த குற்றவாளியைச் சட்டத்தால் தொடவே முடியாது.

11.2.2025

நாம் முடிவெடுப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்பதற்குச் சான்றாக, நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டின் 1983ஆம் ஆண்டுச் சோதனையைப் பலர் குறிப்பிட்டிருப்பதால் சுருக்கமாக. கையை அசைக்க வேண்டும் என்ற எண்ணத்தை உணர்வதற்கு முன்பே, ஒரு நொடியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு முன்னதாக, மூளையில் செயலுக்கு ஆயத்தமாகும் மின் அலை தொடங்கிவிடுவதாக அவர் காட்டினார். அந்த அலையின் பொருள் பற்றியே பின்னால் விவாதம் எழுந்தது. 2012இல் ஷர்கரும் அவருடைய குழுவினரும் அது முடிவு அல்ல, மூளையின் இயல்பான ஏற்ற இறக்கங்கள் சேர்ந்து ஒரு வரம்பைத் தொடுவது மட்டுமே என்று விளக்கினார்கள். எப்படியானாலும், எந்தக் காரணமும் இல்லாமல் கையை அசைப்பதும், பிள்ளைகளின் பசியைப் பார்த்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வருவதும் ஒரே வகைச் செயல்கள் அல்ல. என் கட்சிக்காரர் எவருடைய வழக்கும் நொடியின் பங்கில் நிற்கவில்லை.

14.2.2025

முதல் நாள் எழுதிய பதிலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பிரிவு 84 காரணங்களைப் பற்றிப் பேசுகிறது என்றேன். அது எந்தக் காரணத்தைப் பேசாமல் விடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் வேர் 1843இல் இருக்கிறது. பிரதமர் ராபர்ட் பீலின் செயலரைச் சுட்டுக் கொன்ற மெக்நாட்டன் மனநோயாளி என்று விடுவிக்கப்பட்டபோது இங்கிலாந்தில் பெரும் கூச்சல் எழுந்தது. பிரபுக்கள் அவை நீதிபதிகளை அழைத்து விதிகளைக் கேட்டது. அந்த விதிகள் அறிவை மட்டும் பார்த்தன: செய்வது என்னவென்று தெரிந்ததா, தவறு என்று தெரிந்ததா. தெரிந்தும் நிறுத்த முடியாத நிலையை அவை பொருட்படுத்தவில்லை. நம் சட்டமும் அப்படியே. கட்டுப்படுத்த முடியாத உந்துதல் என்ற வாதம் பிரிவு 84இன் கீழ் செல்லாது.

கிணற்றடித் தாய்க்குத் தான் செய்வது தெரியும். தவறு என்றும் தெரிந்திருக்கும். ஆகவே 84 அவளுக்கு உதவாது, அதனால்தான் நீதிமன்றம் வேறு வாசல் தேட வேண்டியிருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டத்தில் இதைவிட வியப்பான ஏற்பாடு ஒன்று உண்டு. தற்கொலைக்கு முயன்றவர், மாறாக நிரூபிக்கப்படாவிட்டால், கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே அனுமானிக்கப்பட வேண்டும் என்கிறது பிரிவு 115. ஆக, ஒரே கிணறு, ஒரே நிமிடம், ஒரே மனம்: தன் உயிரை மாய்க்க முயன்றதைப் பொறுத்தவரை அந்த மனம் அழுத்தத்தால் தள்ளப்பட்டதாகச் சட்டம் அனுமானிக்கிறது, பிள்ளைகளின் உயிரைப் பொறுத்தவரை அதே மனம் சுதந்திரமாகத் தீர்மானித்ததாக நடத்துகிறது. பிள்ளைகள் தனி உயிர்கள் என்பதால் இந்த வேறுபாடு வேண்டும் என்று நான் ஏற்கிறேன். ஆனால் முதல் அனுமானம் இரண்டாவது வழக்கின் தண்டனையில் ஒரு துளிகூட ஏறாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

15.2.2025

தமிழில் இதற்கு முன்னோடி உண்டா என்ற கேள்விக்கு திருக்குறளின் ஊழ் அதிகாரத்தை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் இரண்டு அடிகளைக் காட்டுகிறேன். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டுப் பாண்டியன் ஆணையிடும் இடம்:

"வினைவிளை காலம் ஆதலின் யாவதும்
சினைஅலர் வேம்பன் தேரான் ஆகி"

வினை விளையும் காலம் வந்துவிட்டது, அது நியதி. அதே மூச்சில், அரசன் ஆராயவில்லை, அது குற்றம். இரண்டாவதை முதலாவது மன்னிப்பதாக இளங்கோ சொல்லவில்லை, கண்ணகியும் ஏற்கவில்லை. "தேரா மன்னா" என்றுதான் அவள் வழக்கைத் தொடங்குகிறாள். பாண்டியனும், ஊழ் என்னை இப்படிச் செய்வித்தது என்று வாதிடாமல், "யானோ அரசன் யானே கள்வன்" என்று தனக்கே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறான். மூன்று உண்மைகளில் ஒன்றாக ஊழ்வினையை வைத்த காப்பியம், விசாரிக்காமல் விட்டதற்கு ஊழைச் சாக்காக அனுமதிக்கவில்லை. ஊழுக்கு உட்பட்டவனே ஆனாலும் விசாரிப்பது அரியணையில் இருப்பவனின் வேலை.

19.2.2025

முதல் நாள் ஒரு கேள்வியைத் திறந்து வைத்தேன்: கோப்பையை எடுத்த இடத்தில் ஏன் சட்டம் நின்றுவிடுகிறது, அதற்கு முந்திய காரணங்கள் எங்கே போகின்றன? குற்றமா இல்லையா என்ற தீர்மானத்தில் அவற்றுக்கு இடம் குறைவு. இடம் இருப்பது தண்டனையில். 1980இல் மரண தண்டனை பற்றிய பச்சன் சிங் வழக்கு, குற்றத்தோடு குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்று விதித்தது. வயது, கடும் மன உளைச்சல், பிறர் ஆதிக்கத்தின் கீழ் இருந்தது, திருந்தக்கூடிய வாய்ப்பு என்று கணக்கில் எடுக்க வேண்டியவை அங்கே பேசப்பட்டன. 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் முன்னே போய், மரண தண்டனைக்குரிய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் மனநல மதிப்பீட்டையும் குடும்பம், கல்வி, வறுமை, வன்முறைக்கு ஆளான வரலாறு ஆகியவற்றையும் விசாரணை நீதிமன்ற நிலையிலேயே திரட்ட வேண்டும் என்றது.

ஏட்டில் இப்படி. நடப்பில், குற்றவாளி என்று அறிவித்த பிறகு தண்டனை குறித்து என்ன சொல்கிறீர்கள் என்று கூண்டில் நிற்பவரிடம் கேட்பார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "வயசான அம்மா இருக்காங்க, சின்னப் பிள்ளைங்க இருக்கு, குறைச்சுக் கொடுங்க ஐயா" என்பார். அது தீர்ப்பில் ஒரு வரியாக ஏறும். பல வழக்குகளில் நான் கண்டது அவ்வளவுதான். ஒரு மேல்முறையீட்டின்போது குற்றவாளியின் தாய் ஒரு துணிக்கடைப் பையைக் கொண்டுவந்தார். ரேஷன் அட்டை, ஆறாம் வகுப்போடு நின்ற மகனின் மாற்றுச் சான்றிதழ், அதன் அடியில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பதிந்த வெளிநோயாளிச் சீட்டு, நாலாய் மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. கொலை நடப்பதற்கு வெகு முன்னால் போடப்பட்ட தேதி. வழக்கு முடியும்வரை அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார். அவனுடைய வாழ்க்கையை உருவாக்கிய காரணங்களில் ஒன்று அந்தப் பைக்குள் இருந்தது. அவன் மீதான தீர்மானம் அது இல்லாமலேயே செய்யப்பட்டிருந்தது.

கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில் இந்த இடத்தில் இருக்கிறது. மனிதன் காரணங்களுக்கு உட்பட்டவன் என்பதை நீங்கள் உண்மையாகவே நம்பினால், அந்த நம்பிக்கையின் முதல் கோரிக்கை நீதிமன்றத்தைக் கலைப்பது அல்ல, அந்தப் பையைத் திறந்து பார்ப்பது.

20.2.2025

"அந்தச் சீட்டு அவனுக்கு எதிராகவும் திரும்பலாமே, நோய் அவனை இப்படி ஆக்கியது என்றால், இனியும் இப்படித்தான் இருப்பான் என்று அரசுத் தரப்பு சொல்லாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். சொல்கிறது. திருந்த மாட்டான் என்பதற்கு வளர்ப்பையும் நோயையும் சான்றாகக் காட்டுவதை நானே கேட்டிருக்கிறேன். நியதிவாதத்தின் இந்த முகத்தைக் கண்டு அஞ்சத்தான் வேண்டும். ஆனால் பச்சன் சிங் வழக்கு, குற்றவாளி திருந்த முடியாதவர் என்பதைச் சாட்சியங்களோடு காட்டும் பொறுப்பை அரசின் மேல் வைத்திருக்கிறது. கடந்த காலம் அவனை எப்படிச் செய்தது என்பதற்குச் சீட்டு போதும். வருங்காலமும் அப்படியே இருக்கும் என்பதற்கு அந்தச் சீட்டு போதாது, சிறையில் அவன் இருந்த விதம், பெற்ற சிகிச்சை, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை ஆகியவை வேண்டும். இவற்றை அரசு கொண்டுவராவிட்டால் மேல்முறையீட்டில் அதையே முதல் காரணமாக எழுதுங்கள்.